லேவியராகமத்தைத் தாண்டி

தமிழ்ப் புராட்டஸ்டண்ட் வீடுகளில் வேத வாசிப்பு இரண்டு வேளைகளில் நடக்கிறது. காலையில் அவரவர் தனியாக வாசித்து ஜெபிப்பது ஒன்று. இரவில் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ வீட்டார் எல்லாரும் உட்கார்ந்து செய்யும் குடும்ப ஜெபம் மற்றொன்று. ஆயர் பிரசங்கத்தில் வலியுறுத்துவதும், திடப்படுத்தல் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும், ஜெபக்கூட்டச் சாட்சிகளில் திரும்பத் திரும்பக் கேட்பதும் இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான். ஆனால் எங்கே தொடங்குவது, நாளுக்கு எவ்வளவு, நின்றுபோனால் என்ன செய்வது என்பதை யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. தினமும் வாசியுங்கள் என்பதோடு அறிவுரை முடிந்துவிடுகிறது. பல வருஷம் வாசித்துப் பழகியவர்கள் கண்டுகொண்டவை பெரும்பாலும் சில்லறை விஷயங்கள்: எந்த வரிசை, எந்த நேரம், யாரோடு. விசுவாசத்தில் வளர்வது என்று சபையில் பேசப்படும் பெரிய காரியம் இந்தச் சில்லறை ஏற்பாடுகளைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது.

புத்தகத்தின் அளவிலிருந்து ஆரம்பிக்கலாம். புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 66 புஸ்தகங்கள், 1,189 அதிகாரங்கள். பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260. ஒரு வருஷத்தில் எல்லாவற்றையும் முடிக்க நாளுக்கு மூன்று அதிகாரத்துக்குச் சற்று மேல் வாசிக்க வேண்டும். நிதானமாக வாய்விட்டு வாசித்தால் ஓர் அதிகாரத்துக்கு ஏறக்குறைய ஐந்து நிமிஷம். 176 வசனங்கள் கொண்ட 119-ஆம் சங்கீதம் தனிக் கணக்கு. ஆக, முழு வேதாகமத்தையும் ஒரு வருஷத்தில் முடிப்பவருக்குத் தினமும் கால் மணி நேரம் போதும். புதிய ஏற்பாடு மட்டும் என்றால் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஓர் அதிகாரம். 52 வாரத்தில் சரியாக 260 முடிந்துவிடும். இரண்டு நாள் விடுமுறை வேறு. முதன்முதலாகப் பழகுகிறவருக்கு இதைவிட ஏற்ற அளவு இல்லை. இருந்தும் ஜனவரி முதல் தேதியில் பெரும்பாலோர் கையில் எடுப்பது மூன்று அதிகாரத் திட்டத்தைத்தான்.

அந்தத் திட்டம் எங்கே நிற்கும் என்பதைக் காலண்டரை வைத்தே சொல்லிவிடலாம். ஆதியாகமத்தில் 50 அதிகாரம். ஆபிரகாம், யாக்கோபு, யோசேப்பு என்று கதை இழுத்துக்கொண்டு போகும். ஜனவரி 17-ஆம் தேதி யாத்திராகமம் தொடங்கும். பத்து வாதைகள், செங்கடல், சீனாய் மலை வரை தடையில்லை. 25-ஆம் தேதி ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் வருகின்றன: எத்தனை முழம், எத்தனை வளையம், எந்த நிறத் திரை. நடுவில் பொன் கன்றுக்குட்டிச் சம்பவத்துக்காக மூன்று அதிகாரம் இடைவெளி. பிறகு அதே கூடாரத்தைக் கட்டி முடிக்கும் விவரம் மறுபடியும். ஜனவரி 31-இல் லேவியராகமம். பலிகளின் முறைகள் ஏழு அதிகாரத்துக்கு நீள்கின்றன. அதன்பின் ஆசாரியரின் பிரதிஷ்டை, சுத்தம் அசுத்தம், தோல் நோய்கள். பிப்ரவரி 9-இல் எண்ணாகமம், முதல் அதிகாரமே மக்கள்தொகைக் கணக்கு. ஏறக்குறைய எல்லாச் சபையிலும் வாசிப்பு இந்த இரண்டு வார எல்லைக்குள்தான் அறுந்துபோகிறது. அறுந்துபோனவர் தன்னுடைய ஆவிக்குரிய ஜீவியம் தளர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். உண்மையில் தளர்ந்தது வரிசைதான். சட்டத் தொகுப்பும் பதிவேடும் கதைப் போக்கில் வாசிக்கத் தக்கவை அல்ல, அவற்றுக்கு வேறு நடை வேண்டும்.

அதற்காக அந்தப் பகுதிகளைத் தாவிவிடுவதும் நஷ்டம்தான். எண்ணாகமம் 26-ஆம் அதிகாரத்தில் இரண்டாவது கணக்கெடுப்பு நடக்கிறது. கோத்திரம் கோத்திரமாக, குடும்பம் குடும்பமாக ஆண்களின் பெயர்கள். மனாசே கோத்திரத்துக்கு வரும்போது செலொப்பியாத் என்பவருக்கு மகன்கள் இல்லை, மகள்கள் மட்டும் என்று ஒரு குறிப்பு வருகிறது. ஐந்து பெண்களின் பெயரும் அங்கே பதிவாகிறது. பட்டியலை ஓட்டமாகக் கடப்பவர் கண்ணில் அது படாது. அடுத்த அதிகாரத்தைத் திறந்தால் அதே ஐந்து பேரும் மோசேக்கும் ஆசாரியனுக்கும் சபையார் எல்லாருக்கும் முன்பாக வந்து நிற்கிறார்கள்: ஆண்பிள்ளை இல்லை என்பதற்காகத் தகப்பன் பெயர் அழிந்துபோக வேண்டுமா, எங்களுக்கும் காணி கொடுங்கள் என்று. மோசே அதைக் கர்த்தரிடம் கொண்டுபோகிறார். அந்தப் பெண்கள் கேட்பது சரி என்று பதில் வருகிறது, சட்டம் திருத்தப்படுகிறது. முந்தைய அதிகாரத்தின் வறண்ட பட்டியல் இந்த வழக்குக்கு வைத்த ஆதாரப் பத்திரம் போல் ஆகிவிடுகிறது. பெண்களுக்குச் சொத்துரிமை பற்றித் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் நடக்கும் வாக்குவாதங்களை நினைத்தால், இந்த இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வாசிப்பதற்கு ஒரு மாலை ஒதுக்கலாம்.

லேவியராகமத்துக்கும் இதே வழி. அதைத் தனியாக வாசிக்காமல் துணைக்கு ஒரு புஸ்தகத்தோடு வாசிப்பது அனுபவப்பட்டவர்களின் முறை. 16-ஆம் அதிகாரத்தில் வரும் பாவநிவிர்த்தி நாளை வாசித்த கையோடு எபிரெயர் 9, 10 அதிகாரங்களை எடுத்தால், சிலுவையைப் பற்றிப் புதிய ஏற்பாடு பேசும் பாஷை எங்கிருந்து வந்தது என்று விளங்கும். 19-ஆம் அதிகாரத்தில், அறுப்புக் காலத்தில் வயலின் ஓரத்தை முழுதும் அறுக்காமல், சிந்திய கதிரைப் பொறுக்காமல், ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்ற கட்டளை இருக்கிறது. அதை வாசித்த மறுநாள் ரூத்தின் சரித்திரத்தை எடுக்க வேண்டும். நாலே அதிகாரம், நாலு நாள். மோவாபிலிருந்து வந்த விதவை ஒருத்தி, மாமியார் நகோமியைக் காப்பாற்றுவதற்காகப் போவாசின் வயலில் கதிர் பொறுக்கப் போகிறாள் என்றால், அந்தச் சட்டம் அங்கே நடைமுறையில் இருந்தது என்று அர்த்தம். அறுத்து முடிந்த வயலில் சிந்திக்கிடக்கும் கதிருக்காகக் குனிந்து நடக்கும் பெண்களைத் தஞ்சாவூர்க்காரருக்கோ திருநெல்வேலிக்காரருக்கோ விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மத்தேயுவின் முதல் அதிகார வம்ச அட்டவணையில் தாமார், ராகாப், உரியாவின் மனைவி ஆகியோரோடு ரூத்தின் பெயரும் வருகிறது. பலரும் வேகமாகப் புரட்டிவிடும் அந்தப் பக்கத்தில் நின்று பார்க்க இப்போது ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

ஆகவே முதல் சுற்றுக்கு ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தல் வரை நேர்கோட்டில் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாற்குவின் 16 அதிகாரங்களில் தொடங்குவது நல்லது. சுவிசேஷங்களில் சிறியது அதுதான், நடையும் வேகம். பிறகு ஆதியாகமம், யாத்திராகமத்தில் 20-ஆம் அதிகாரம் வரை, ரூத், சாமுவேலின் இரண்டு புஸ்தகங்கள், லூக்கா, அப்போஸ்தலர் நடபடிகள். நிருபங்களை நடபடிகளோடு பின்னி வாசித்தால் கடிதம் யாருக்குப் போகிறது என்பது தெரியும். 16-ஆம் அதிகாரத்தில் பிலிப்பி பட்டணத்தில் லீதியாளும் சிறைச்சாலைக்காரனும் வருகிறார்கள். அங்கே நிறுத்தி பிலிப்பியர் நிருபம். 17-இல் தெசலோனிக்கே, 18-இல் கொரிந்து, 19-இல் எபேசு. தீர்க்கதரிசிகளையும் இப்படியே ராஜாக்களோடு சேர்க்கலாம். 2 ராஜாக்கள் 14-இல் இரண்டாம் யெரொபெயாமின் செழிப்பான ஆட்சி ஏழே வசனத்தில் முடிந்துவிடுகிறது; அந்தச் செழிப்பின் அடியில் ஏழைகள் எப்படி நசுங்கினார்கள் என்பது ஆமோசில் இருக்கிறது. எசேக்கியா ராஜாவோடு ஏசாயா, எருசலேமின் வீழ்ச்சியோடு எரேமியாவும் புலம்பலும், எஸ்றா 5-ஆம் அதிகாரத்தோடு ஆகாயும் சகரியாவும். இந்த வேகத்தில் எல்லாம் முடிய இரண்டு வருஷம் ஆகலாம். ஆகட்டும்.

அச்சிட்ட திட்டங்களுக்கும் குறைவில்லை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ஆயராக இருந்த ராபர்ட் மர்ரே மக்செய்ன் 1842-இல் தம் சபையாருக்காகப் போட்ட அட்டவணை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நாளுக்கு நான்கு இடங்களிலிருந்து ஓர் அதிகாரம் வீதம், வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒரு தடவை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தடவை. ஒரே நாளில் நான்கு வெவ்வேறு இடங்களில் கால்வைப்பது சிலருக்கு ஒத்துவரும். ஒரு புஸ்தகத்தை ஊன்றி வாசிக்க விரும்புகிறவருக்கு அலைக்கழிப்பாக இருக்கும். டிசம்பர் முதல் தேதி தொடங்கி லூக்காவின் 24 அதிகாரங்களை நாளுக்கு ஒன்றாகக் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் முடிப்பது ஒரு சுலபமான ஏற்பாடு. லெந்து நாட்களில் நான்கு சுவிசேஷங்களின் பாடுகளின் அதிகாரங்களையும், யோவான் 13 முதல் 17 வரையும் மெல்ல வாசிப்பது இன்னொன்று.

வேத வாசிப்பைக் கெடுப்பதில் லேவியராகமத்தைவிடப் பெரிய பங்கு வாக்குத்தத்த அட்டைக்கு உண்டு. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டில் வைத்திருக்கும் அட்டைகளில் ஒன்றை எடுப்பதும், அதில் இருக்கும் வசனத்தை அந்த வருஷத்துக்கான வாக்காக வைத்துக்கொள்வதும் தமிழ்ச் சபைகளில் வேரூன்றிய வழக்கம். அட்டை பீரோ கண்ணாடியிலோ பூஜ்ய வாட்ஸ் பல்புக்குக் கீழேயோ டிசம்பர் வரை ஒட்டியிருக்கும். அதில் தவறில்லை, ஆறுதல் தேவைப்படும் வீட்டில் ஆறுதலான ஒரு வரி இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அட்டையோடு வாசிப்பும் நின்றுவிடும்போது, ஆசீர்வாதம் பேசும் ஐம்பது அறுபது வசனங்களே மொத்த வேதாகமம் என்று ஆகிவிடுகிறது. கைப்பேசிக்குக் காலைதோறும் பூப்படத்தோடு வரும் வசனங்களும் அதே ஐம்பது அறுபதுதான்.

அட்டைகளில் அடிக்கடி வரும் எரேமியா 29:11-ஐ எடுத்துப் பார்க்கலாம். கர்த்தர் தம் ஜனத்தைக் குறித்து வைத்திருக்கும் நினைவுகள் நன்மைக்கானவை, எதிர்காலம் உண்டு என்பது அதன் சாரம். வேலைக்கு விண்ணப்பித்தவர், வரன் பார்க்கிறவர், விசாவுக்குக் காத்திருக்கிறவர் எல்லாரும் அதைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தால் அது எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் என்று தெரியவரும். அங்கே வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறையாக்கிய அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று கடிதம் சொல்கிறது. திரும்பி வருவதற்கு எழுபது வருஷம் ஆகும் என்பது 11-க்கு முந்தின வசனத்தில் இருக்கிறது. அதற்கும் முந்தின 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் ஜனங்களுக்கு முன்பாக அறிவித்து, எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தை எடுத்து உடைக்கிறான். இரண்டு வருஷம் என்றவன் பொய்யன் என்று தீர்ப்பாகிறது. கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள், பேரப்பிள்ளைகள் திரும்பியிருக்கலாம். இத்தனையும் தெரிந்தபின் அதே வசனத்தை நம்புவது கடினமாகிறது, நம்பிக்கை உறுதிப்படவும் செய்கிறது. நினைத்தது மார்ச் மாதத்துக்குள் நடக்காவிட்டால் அந்த நம்பிக்கை உடைந்துபோகாது.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. எந்த வசனம் மனதில் தைத்தாலும், அதன் அதிகாரத்தையும் முந்தின அதிகாரத்தையும் அன்றைக்கே வாசித்துவிட வேண்டும். அதிகாரப் பிரிவுகள் மூலத்தில் இருந்தவை அல்ல. 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்ற பேராயர் வகுத்தவையாகச் சொல்லப்படுகின்றன. புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்கள் 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகத்தார் போட்டவை. ஆகையால் எண் மாறும் இடத்தில் கருத்தும் முடிய வேண்டும் என்பதில்லை. துக்க வெள்ளியன்று வாசிக்கும் ஏசாயா 53-இன் பாடல் 52:13-லேயே ஆரம்பித்துவிடுகிறது.

சங்கீதங்களுக்கு மட்டும் இந்தத் தொடர்ச்சி விதி அவ்வளவாகப் பொருந்தாது. அவை 150 தனித்தனி ஜெபங்கள். ஆங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகம் அவற்றை மாதத்தின் 30 நாளுக்குக் காலை மாலை என்று பங்கிட்டிருக்கிறது. முதல் தேதி காலை 1 முதல் 5 வரை, 15-ஆம் தேதி மாலை நீளமான 78-ஆம் சங்கீதம் மட்டும், 30-ஆம் தேதி மாலை 147 முதல் 150 வரை. மாதம் ஒருமுறை முழுச் சங்கீதத்தையும் சொல்லி முடிக்கும் இந்த ஒழுங்கு இன்றைய வேலைநாளுக்குக் கனம்தான், ஆனாலும் வருஷத்தில் ஒரு மாதம் செய்து பார்க்கலாம். 31 அதிகாரம் கொண்ட நீதிமொழிகளைத் தேதியைப் பார்த்து வாசிப்பது இதைவிடச் சுலபம். சங்கீதங்களில் 23, 91, 121 ஆகியவை எல்லாருக்கும் மனப்பாடம். துக்கத்தில் கைகொடுப்பவை பல நேரம் வேறு. 13-ஆம் சங்கீதம் ஆறே வசனத்தில் முறையீட்டில் தொடங்கி நம்பிக்கைக்கு வந்துவிடும். 88-ஆம் சங்கீதம் அப்படி வராது, இருளிலேயே முடிகிறது. துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அதை வாசிப்பதில்லை. வாசித்தால் அங்கே உட்கார்ந்திருப்பவர், தன் மனநிலையும் வேதத்துக்குள் இருக்கிறது என்று கண்டுகொள்வார். அவசர ஆறுதலைவிட இது நின்று உதவும்.

இனி நேரமும் சாமான்களும். அதிகாலை நான்கு மணி வாசிப்பைச் சாட்சிகளில் கேட்டு, அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு முயல்பவர்கள் ஒரு வாரத்தில் களைத்துவிடுகிறார்கள். குழாயில் தண்ணீர் வருவதற்கு முன், மிக்ஸி ஓடத் தொடங்குமுன் கிடைக்கும் இருபது நிமிஷம் நல்லது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் ஆள் குறையும் நேரமும் நல்லது. ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒன்றோடு சேர்த்துக்கட்டினால், அலாரத்தை நம்பியிருப்பதைவிட நிலைக்கும்: காபி டம்ளர் கையில் வந்தால் புத்தகம் திறக்கும் என்கிற மாதிரி.

ஜிப் வைத்த உறைக்குள் இருக்கும் வேதாகமம் ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்திரமாக இருக்கும், வாரநாளில் திறக்கப்படாமலும் இருக்கும். வீட்டில் வாசிக்க உறையில்லாத ஒரு பிரதி, கண்ணில் படும் இடத்தில் கிடப்பது நல்லது. தாள் மெல்லியது, பால்பாயிண்ட் பேனா மறுபக்கத்தில் தடம் போடும், ஜெல் பேனா ஊறிவிடும், கலர் பென்சில்தான் தாங்கும். பெரும்பாலான சபைகளில் வாசிப்பது 1871-இல் ஹென்றி பவரின் தலைமையில் வெளியான பழைய திருப்புதல். ஓசை நயமும் மனப்பாடத்துக்கு ஏற்ற கட்டும் அதற்கு உண்டு. ஆங்கிலவழியில் படித்த பிள்ளைக்கு அது கடினம் என்றால், கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து 1995-இல் கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். யோபு, ரோமர் போன்ற புஸ்தகங்களுக்குப் பெரியவர்களுக்கும் இந்தத் துணை உதவும். கைப்பேசிச் செயலி பஸ்ஸிலும் ரயிலிலும் வசதி. ஆனால் வாசிப்பின் நடுவே குடும்ப வாட்ஸ்அப் குழுவின் செய்தி ஒன்று மேலே எட்டிப்பார்த்தால் அன்றைய தியானம் முடிந்தது. இணையத்தை அணைத்துவிட்டு வாசிக்க வேண்டும்.

குடும்ப ஜெபத்தின் ஒழுங்கு ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறினாலும் எலும்புக்கூடு ஒன்றே: ஒரு கீர்த்தனை அல்லது பாமாலைப் பாட்டு, ஓர் அதிகாரம், ஜெபம், கடைசியில் எல்லாரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம். அதிகாரத்தை ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்பது வழக்கம். பிள்ளைகள் தங்கள் முறைக்கு எந்த வசனம் வரும் என்று முன்கூட்டியே எண்ணி, அதை மட்டும் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் ஒருவர் எழுந்து அடுப்பை அணைக்கப் போனால் கணக்கு தப்பிவிடும். இதில் அர்த்தம் எவ்வளவு ஏறுகிறது என்று கேட்டால், ஏறுவது குறைவுதான். ஆனால் தமிழ் வாசிப்பு ஏறும், நீண்ட பெயர்களைத் திக்காமல் சொல்லும் தைரியம் வரும், பாஷை காதில் தங்கும். எழுதப் படிக்கத் தெரியாத பல பாட்டிமார் முழுச் சங்கீதங்களை ஒப்புவித்தது இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான். 1715-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கின் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்த பிறகும் நெடுங்காலம், பெரும்பாலான தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு வேதம் உபதேசியார் வாசிக்கக் கேட்கும் ஒன்றாகவே இருந்தது. வாய்விட்டு வாசிப்பது அந்த வழியில் வந்த பழக்கம். தனியாக இருக்கும்போதும் இதைக் கைவிடாமல் இருந்தால் கண் வரிகளைத் தாவாது.

குடும்ப ஜெபத்துக்கு எமன் நீளம். அப்பாவின் ஜெபம் இருபது நிமிஷம் போனால் பிள்ளைகள் முழங்காலிலேயே தூங்கிவிடுவார்கள். மறுநாள் டியூஷன், தலைவலி என்று சாக்கு வரும். பத்து நிமிஷத்தில் முடியும் ஜெபம் பல வருஷம் நடக்கும். கதைப் புஸ்தகங்களை வைத்துக்கொள்வதும், வாசித்து முடித்ததும் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பதும் போதும். அந்தக் கேள்விக்குப் பெற்றோருக்கே பதில் தெரியாமல் இருந்தால் இன்னும் விசேஷம்.

நாட்கள் தவறும். காய்ச்சல், கலியாண வீடு, பரீட்சை, வேலை மாற்றம் என்று காரணங்களுக்குப் பஞ்சம் இல்லை. தவறிய அதிகாரங்களைக் கடன் பாக்கிபோல் சேர்த்துவைத்து ஞாயிற்றுக்கிழமை பதினைந்து அதிகாரம் ஓட்டுவது வீண். இரண்டாவது வாரத்தில் பாக்கி மலையாகும், புத்தகத்தைப் பார்த்தாலே குற்ற உணர்ச்சி வரும். தேதி அச்சிட்ட அட்டவணையில் இந்த ஆபத்து அதிகம். தேதியை அடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அன்றைய பங்கை மட்டும் வாசிக்க வேண்டும்.

வாசித்தும் மனதில் ஒன்றும் அசையாத காலங்களும் வரும், சில சமயம் மாதக்கணக்கில். அந்நாட்களில் அளவைக் குறைத்து, ஒரு குறிப்பேட்டில் ஓரிரு வரி எழுதுவது உதவும்: இந்தப் பகுதியில் யார் யாரிடம் பேசுகிறார்கள், புரியாதது எது, இன்றைக்குச் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா. புரியாதவற்றின் பட்டியலைப் புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்துக்கோ ஆயரிடமோ கொண்டுபோகலாம். யோசுவாவின் யுத்தங்களையும் 137-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனங்களையும் வாசித்துத் திகைக்காதவர் கவனமாக வாசிக்கவில்லை என்றுதான் பொருள். இப்படிப்பட்ட கேள்விகளை விசுவாசக் குறைவு என்று அடக்கிவைக்கும் சபையில் வாலிபர்கள் வெளியே போய் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்வார்கள். வெளிப்படுத்தின விசேஷத்தில் அடக்கத்துக்குப் பதில் வேறு ஆபத்து: மிருகத்தின் எண்ணை நடப்புச் செய்தியோடு முடிச்சுப்போட்டு வருஷம் குறிக்கிறவர்கள். சின்ன ஆசியாவின் ஏழு சபைகளுக்கு, நெருக்கத்தில் இருந்தவர்களுக்கு எழுதப்பட்டது அது. எசேக்கியேலையும் தானியேலையும் முடித்தபின் அதை எடுத்தால் பாதிப் படங்கள் ஏற்கெனவே பழகினவையாக இருக்கும்.

விசுவாச வளர்ச்சியை அதிகார எண்ணிக்கையால் அளக்க முடியாது. அது தெரியும் இடங்கள் வேறு. மத்தேயு 5-இல் காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் பகுதி உண்டு. அதை வாசித்த வாரத்தில், பாகப்பிரிவினைக்குப் பின் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் வீட்டுக்கு ஒருவர் போன் செய்தால் வாசிப்பு வேலை செய்கிறது. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் சம்பளம் முதல் தேதியிலேயே கைக்குப் போவதற்கு யாக்கோபு 5-ஆம் அதிகாரம் காரணமாக இருக்கலாம். சபைத் தேர்தலில் தோற்ற தரப்பைப் பற்றிய பேச்சு வீட்டில் குறைவதும் ஒரு அடையாளம்தான், அது அபூர்வம் என்றாலும். இவை எல்லாம் மெதுவாக நடக்கும். கூட இருப்பவருக்குத் தெரிந்த அளவு வாசிப்பவருக்கே தெரியாது.

ஒரு சுற்று முடித்தவர் மறுபடி தொடங்கும்போது ஒன்றையாவது மாற்றிக்கொள்வது நல்லது. மொழிபெயர்ப்பை மாற்றலாம், வரிசையை மாற்றலாம், அடிக்கோடு இல்லாத புதுப் பிரதியை எடுக்கலாம். பழைய கோடுகள் கண்ணை அதே இடங்களுக்கே இழுக்கும். கண் மங்கிவருகிறவர்களுக்குப் பெரிய எழுத்துப் பதிப்பு கிடைக்கிறது, பிரெயில் எழுத்திலும் தமிழ் வேதாகமம் உண்டு. ஒலிப்பதிவில் கேட்பவர்கள் ஓர் அதிகாரத்தோடு நிறுத்தி அதையே இரண்டாம் தடவை ஓடவிட வேண்டும். தானாக அடுத்த அதிகாரத்துக்குப் போகும் வசதியை அணைத்து வைத்தால்தான் அது நடக்கும். வீட்டில் பேரப்பிள்ளை இருந்தால் ஒலிப்பதிவுக்குக்கூட அவசியம் இல்லை. நாளுக்கு ஓர் அதிகாரம் வாசிக்கச் சொன்னால் பாட்டிக்கு வேதமும் பிள்ளைக்குத் தமிழும் நடக்கும்.